வக்கீல் வீட்டுக் காருக்கு என்ன விலை?

கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேனர்.

நாலு மாடிக் கடை. அரிசியிலிருந்து அலமாரி வரைக்கும் எல்லாம் கிடைக்கும். பணம் கட்டிவிட்டு வெளியே போகிற வாசலில் ஒரு உயரமான முக்காலி போட்டிருக்கும். அதில்தான் அவளுக்கு வேலை. வருகிறவர்கள் பில்லை நீட்டுவார்கள். அவள் பையை எட்டிப் பார்த்து, பில்லில் ஒரு கோடு கிழித்து அனுப்ப வேண்டும். மற்ற வாசல்களில் இருக்கிறவர்கள் கோடு மட்டும் கிழிப்பார்கள். இவள் பையைக்கூட அப்புறம்தான் பார்ப்பாள், முதலில் ஆளின் மூஞ்சியைப் பார்ப்பாள். அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். குழந்தை டயப்பர் பாக்கெட்டுக்குள் சவர பிளேடைச் சொருகிக்கொண்டு வந்த கனவான், குடைக்குள் சென்ட் பாட்டிலை நழுவவிட்டுக்கொண்டு வந்த அம்மணி, எல்லோரும் அந்த முக்காலிக்கு முன்னால் வந்து அசடு வழிந்தவர்கள்தான். கடை மேலாளரே சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது யாரும் கேட்காமல் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போவார். பயம் இருக்காதா பின்னே!

சரி, வேலையோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. சொந்தக்காரர் யாராவது போன் செய்து "சும்மாதான், எப்படி இருக்கேன்னு கேக்கலாம்னு" என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் இருக்கட்டும், என்ன வேணும் சொல்லு" என்பாள். ஒரு டாக்டர் வெறும் சளி என்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போய் அது வெறும் சளிதானா என்று கேட்பாள். கடைக்காரன் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். பெற்ற மகள் "டெஸ்ட் ஈஸியா இருந்துச்சும்மா" என்றால்கூட, "அப்படின்னா படிக்காதது வந்திருக்கும், சும்மா எழுதிட்டு வந்திருப்பே" என்பாள்.

இந்த உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒரே ஒருத்தர்தான். அவள் வீட்டுக்காரர்.

ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அதிர்ந்து பேசாத மனுஷன். பீடி சிகரெட் கிடையாது. சம்பளம் வாங்கின அன்றைக்கே கவரைக்கூடப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுவார். ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அதே வீட்டில், அதே காரை ஓட்டியவர். "எங்க வீட்டுக்காரர் வெள்ளந்தி. அவரை ஏமாத்தறதுக்குன்னே ஊர் பூரா காத்துக்கிட்டிருக்கு" என்று கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அவருக்கும் சேர்த்துத் தானே சந்தேகப்பட வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு வேறு.

அந்த வக்கீல் ஐயா படுத்த படுக்கையாகி, போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய வீட்டில் வக்கீலம்மா ஒண்டியாக இருந்து பார்த்தார், முடியவில்லை. மகள் தன் ஊருக்கே வந்துவிடச் சொல்லிவிட்டாள். வீட்டுச் சாமான்களை எல்லாம் கட்டிக்கொண்டிருக்கும்போது டிரைவரைக் கூப்பிட்டு, "காரை வித்துடலாம்னு இருக்கேன்பா. வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். கார் போனால் அவருக்கு வேலை போச்சு. ஐம்பது தாண்டின டிரைவரைப் புதிதாக யார் சேர்த்துக்கொள்வார்கள்? இருக்கிற முதுகுவலிக்கு வாட்ச்மேன் வேலைக்குக்கூட லாயக்கில்லை. அதுவே கார் சொந்தமாகிவிட்டால், காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகலாம், பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஓட்டலாம். தெருவில் இரண்டு மூன்று வீட்டில் "வாங்கினா சொல்லுங்க" என்று இப்போதே சொல்லிவைத்திருந்தார்கள். மகள் காலேஜில் காலை வைத்துவிட்டாள், பாதியில் நிறுத்த முடியாது. பணம் என்று பார்த்தால், அவள் முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வங்கியில் சேர்த்தது ஒன்று, கையிலிருக்கும் வளையல் ஒன்று. அவ்வளவுதான் சொத்து. ஏமாந்து ஒரு ஓட்டை வண்டியை வாங்கிவிட்டால் திரும்ப எழுந்திருக்க முடியாது.

"நான் போய்ப் பேசி முடிச்சுட்டு வந்துடறேன். நீ எதுக்கு லீவு போட்டுக்கிட்டு. அம்மா கேக்கறதைக் குடுத்துடலாம்" என்றார் அவர்.

"கேக்கறதைக் குடுக்கறதுக்கு நாம என்ன கோடீஸ்வரங்களா? நீங்க போனா அந்தம்மா ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடுவாங்க, நீங்க நாலு சொட்டு விட்டுட்டு, கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டு வருவீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அந்த நேரத்தில் குளிக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவள்!

மறுநாளே புலன் விசாரணை ஆரம்பமானது. பஸ் நிலையத்துக்கு எதிரே பழைய கார் விற்கிற கடை ஒன்று உண்டு. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய், வக்கீல் வீட்டுக் கார் மாதிரியே, அதே வருஷத்துக் காராகப் பார்த்து விலை கேட்டாள். தொண்ணூற்றைந்தாயிரம் என்றான் கடைக்காரன். "உங்களுக்காக" என்று வேறு சேர்த்துக்கொண்டான். முன்னே பின்னே பார்த்திராத ஒருத்திக்கு அவன் எதற்காக இரக்கப்படுகிறான் என்று யோசித்தாள், ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. அடுத்த நாள் அதே கடைக்குப் போனைப் போட்டு, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "எங்ககிட்ட இப்படி ஒரு வண்டி இருக்கு, எடுத்துப்பீங்களா?" என்று கேட்டாள். அதே கடைக்காரன், அதே வருஷத்து வண்டி. "இப்பல்லாம் அந்த மாடலை யாரும்மா வாங்கறாங்க? அறுபத்தஞ்சு தரலாம். அதுவும் உங்களுக்காக" என்றான்.

"கொள்ளைக்காரப் பாவி" என்று போனை வைத்தாள். ஆனாலும் மனசுக்குள் திருப்திதான். விற்கிற விலை ஒரு முனை, வாங்குகிற விலை ஒரு முனை, நடுவில் எண்பது. இடைத்தரகன் இல்லாமல் வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற நல்ல வண்டிக்கு அதுதான் நியாயம். அதிலிருந்து, வாங்கின கையோடு என்னென்ன செலவு வைக்குமோ அதைக் கழிக்க வேண்டும். கழிக்கத்தான் அவள் பிறந்திருக்கிறாள்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, வண்டியை ஒரு நாள் பார்க்கக் கேட்டாள். "தாராளமா எடுத்துட்டுப் போய்ப் பாரும்மா" என்றார் அந்தம்மா. தாராளமா என்று சொன்னது இவளுக்கு உறுத்தியது. உள்ளே ஏதோ இருக்கப் போய்த்தானே இவ்வளவு தாராளம்?

வீட்டுக்காரர் காரைக் கொண்டுவந்து கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் விட்டார். "எதுக்கு இதெல்லாம். தினம் ஓட்டின வண்டி. எனக்குத் தெரியாததா?" என்று முனகினார். மகளை அழைத்துவரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, எதிர்வரிசையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் வழக்கமாகப் போகிற மெக்கானிக் வேறு ஆள். அந்த ஆளை இவள் வேண்டுமென்றே விலக்கினாள். வக்கீல் வீட்டுக் காசைப் பார்த்துப் பழகினவன், அந்தம்மா பக்கம்தான் பேசுவான் என்பது அவள் எண்ணம்.

துணிமணியில் மாட்டியிருக்கும் திருட்டுத் தடுப்பு வில்லையைக் கழற்றக் கடையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து, காரின் மேலே அங்குலம் அங்குலமாக ஓட்டினாள். பின் கதவின் அடியில் ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கியது.

"இங்க அடிபட்டதை மறைக்கப் பட்டி பாத்திருக்கு" என்றாள்.

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களே எல்லாம் பாக்கறீங்க, என்னை எதுக்கு கூப்ட்டீங்க?" என்று சொல்லிவிட்டு, காருக்கு அடியில் படுத்து நுழைந்தான். அப்புறம் அவளை உட்கார வைத்துக் கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினான். சரக்கு லாரி ஏறுகிற சரிவில் ஏற்றும்போது இன்ஜின் கத்தின அளவுக்குக் கார் நகரவில்லை.

"கதவு சும்மா உரசல்தான், அதை விடுங்க. இன்ஜின் நல்லாருக்கு, நம்பி வாங்கலாம். ஆனா கிளட்ச் போச்சு. மேடு வந்தா இழுக்காது. கம்பெனியில போட்ட அதே கிளட்ச். போல்ட்டுல போட்ட பெயின்ட் மார்க் அப்படியே இருக்கு, ஒரு ஸ்பேனர்கூடப் படல. டயரும் அப்படித்தான்." அவன் குனிந்து டயரின் ஓரத்தில் அச்சடித்திருந்த நம்பரைத் தேய்த்துக் காட்டினான். "கடைசி ரெண்டு நம்பர் டயர் செஞ்ச வருஷம். கணக்குப் போட்டுக்கங்க. இதுல உக்காந்து போனவங்களுக்கு ஆயுசு கெட்டி. பேட்டரியும் கிழம்."

அவளுக்கு உள்ளுக்குள்ளே குதூகலம். கிளட்ச், டயர், பேட்டரி. எண்பதில் இதையெல்லாம் கழித்தால் அறுபதுக்குக் கிட்டே வந்து நிற்கிறது. வளையலை விற்கவே வேண்டாம். இதை வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம், வெள்ளந்தி, அந்தம்மா முன்னால் முன்கூட்டியே உளறிவைப்பார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வக்கீல் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் நடக்க இடமில்லை. சட்டப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். சோபாவின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வக்கீலம்மா ஒரு நாற்காலியை ஒழித்து இவளை உட்காரச் சொன்னார். வீட்டுக்காரர் உட்காரவில்லை. அந்த வீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கதவை ஒட்டி, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டி பாத்தியாம்மா?"

"பாத்தேன்மா. நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும் விலை? மருமகன்தான் விசாரிச்சுச் சொன்னார். இந்த மாதிரி வண்டி எண்பது போகுமாம். ஆனா இதுல கிளட்ச் புதுசு, நாலு டயரும் புதுசு, பேட்டரி புதுசு, அதனால தொண்ணூறுக்குக் கொறைக்க வேணாம்னார். நீங்க வேத்து மனுஷங்க இல்ல, அதனால மனசுல ஒண்ணும் வச்சுக்காம சொல்லிட்டேன்."

அடி சக்கை என்று நினைத்துக்கொண்டாள் அவள். வக்கீலோடு குடித்தனம் பண்ணி பண்ணி அந்தம்மாவுக்கும் வாய் பழகிவிட்டது! முகத்தைப் பார்த்தாள். ஒரு சுளிவு இல்லை, கண் அங்கே இங்கே ஓடவில்லை. இப்படி நேராகப் பார்த்துப் பொய் சொல்கிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள். ஸ்பேனர் படாத கிளட்ச் புதுசாம்! இருக்கட்டும், இருக்கட்டும். மெக்கானிக் சொன்னதை எடுத்துப் போட்டால் அந்த முகம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஆனால் எடுத்தவுடனே அடிக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் குளிர வைக்க வேண்டும்.

"உங்ககிட்ட பேரம் பேசறதுக்கே எனக்கு நாக்கு கூசுதும்மா" என்று ஆரம்பித்தாள். "ஐயா எங்களுக்குச் செஞ்சதை உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அவர் என்ன செஞ்சார்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க. ஃபிரிட்ஜ் வாங்கிக்கோன்னு பணம் குடுத்தாரே. மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியாம நின்னப்ப மொத்தமா குடுத்தாரு. எனக்குக் கண்ணு மங்கி, வேலையே போயிடும்போல இருந்துச்சு, கண்ணாடி போட்டுக்கச் சொல்லி அதுக்கும் அவர்தான். நேர்ல வந்து ஒரு நன்றி சொல்லணும்னு எத்தனையோ தடவை கிளம்பினேன். ஐயா கூச்சப்படுவார், வேணாம்னு இவர்தான் தடுத்துட்டார்."

கதவருகே இருமல் சத்தம் கேட்டது. "நான் வண்டியை ஒரு தடவை தொடைச்சுட்டு..." என்றார் அவர்.

"இருப்பா" என்றார் வக்கீலம்மா. குரல் மாறியிருந்தது. "ஐயா குடுத்தாரா? உனக்கா? அவர் கைல ஏதும்மா பணம்? வர்ற ஃபீஸ் பூரா அப்படியே என் கைல குடுத்துடுவார். வெளிய போய் ஒரு டீ குடிக்கணும்னாக்கூட என்கிட்டதான் சில்லறை கேப்பார். அவர் எப்படி உனக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் குடுத்தார்?"

"தெரியலையேம்மா..."

"எனக்குத் தெரியாம எங்க வச்சிருந்தார்? எத்தனை வருஷமா குடுத்துக்கிட்டிருந்தார்? உனக்கு எதுக்குக் குடுக்கணும்?"

கடைசிக் கேள்வியைக் கேட்டபடியே வக்கீலம்மா இவளை மேலிருந்து கீழே பார்த்தார். முகம், சேலை, கை வளையல், மறுபடியும் முகம். அந்தப் பார்வை என்ன பார்வை என்று இவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? தினம் முக்காலியில் உட்கார்ந்து ஊராரைப் பார்க்கிற பார்வைதான். தன் மேல் விழுந்தபோது உடம்பெல்லாம் கூசிப்போனது. கடவுளே, இந்தம்மா என்ன நினைக்கிறார்? செத்துப்போன அந்த நல்ல மனுஷனையும் என்னையும் சேர்த்து வைத்தா?

"என்னங்க, நீங்க சொல்லுங்களேன். அம்மா என்னமோ கேக்கறாங்க பாருங்க" என்று வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார். காது மடல் சிவந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் தன் புருஷன் மூஞ்சியை, வாசலில் வருகிற மூஞ்சிகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.  இந்த மூஞ்சி அவளுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கிற மூஞ்சி.

"அம்மா, கிளட்ச் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு வருஷம் இருக்கும், நல்ல வெயில் காலத்துல. வண்டி வழியிலேயே நின்னுடும்னு வந்து சொன்னான். நான்தான் எண்ணிக் குடுத்தேன்."

நல்ல வெயில் காலம். மதியம் அவள் வேலையிலிருந்து வந்தபோது அடுக்களையில் ஃபிரிட்ஜ் நின்றிருந்தது.

"டயர்?"

"பள்ளிக்கூடம் திறக்கற சமயம். ஐயாவை வச்சு ஓட்டறேன், உயிர் சமாச்சாரம்மான்னு சொன்னான். உயிர்னு சொன்னா நான் யோசிப்பேனா?"

பேட்டரியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். அந்த டயரில்தானே அந்தப் பெரியவரை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார்! ஊரையெல்லாம் சோதித்துப் பார்த்தவள் வீட்டுக்குள் வந்த சாமானுக்கு ஒரு நாள் பில் கேட்டாளா? ஐயா கொடுத்தார் என்றால், எதற்குக் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை? யாரோ ஒரு கடைக்காரன் "உங்களுக்காக" என்று சொன்னதற்கு அவ்வளவு யோசித்தவள்!

தப்பிக்க வழி இல்லாமலும் இல்லை. "ஐயா கடனாத்தாம்மா குடுத்தாரு, மாசா மாசம் திருப்பிட்டோம்" என்று ஒரு பொய்யைச் சொன்னால் இந்த நிமிஷம் தாண்டிவிடும். இந்த மாதிரிப் பொய்கள் அவள் கேட்காததா? ஆனால் எதிரே அந்தம்மா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டி வைத்திருந்த புத்தகங்களைப் பார்க்கிறார், சுவரில் ஐயா படம் இருந்த இடத்தைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார். இந்தச் சந்தேகத்தோடு அவர் ஊரைவிட்டுப் போனால் சாகிறவரைக்கும் அது அவரைத் தின்னும். சந்தேகம் எப்படித் தின்னும் என்று இவளைவிட யாருக்குத் தெரியும்? மறுபக்கம், உண்மையைச் சொன்னால் கார் போச்சு, மானம் போச்சு, நாளையிலிருந்து சோற்றுக்கு இவள் சம்பளம் ஒன்றுதான்.

"ஐயா குடுக்கலம்மா" என்றாள். "அவர் ஒரு காசு குடுக்கல. எல்லாம் நீங்க குடுத்ததுதான்."

"நானா?"

"கிளட்சுன்னு நீங்க எண்ணிக் குடுத்தது எங்க வீட்டுக்கு ஃபிரிட்ஜா வந்துச்சு. வண்டியில கிளட்சே மாத்தல, டயரும் மாத்தல. நான் மெக்கானிக்கை வச்சுப் பாத்துட்டேன். நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சு, உங்களை மடக்கலாம்னுதான் வந்து உக்காந்தேன். ஐயா மேல ஒரு தூசு கிடையாதும்மா. இவர்தான் எடுத்திருக்கார். என்கிட்ட ஐயா பேரைச் சொல்லியிருக்கார்."



"நிஜமாப்பா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"தப்புதாம்மா" என்றார் அவர். சாவி கையிலிருந்து கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

வக்கீலம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். பணத்துக்காக அழுகிறார் என்றுதான் இவள் நினைத்தாள். "அவரைப் போய்... ஒரு நிமிஷம் அவரைப் போய் அப்படி நினைச்சுட்டேனேம்மா. ஒண்ணும் தெரியாத மனுஷன். அவரை நினைச்சுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். இவள் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றாள். தொட்டு ஆறுதல் சொல்ல வேண்டும்போல் இருந்தது, கை வரவில்லை.

அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இந்த வண்டியே பாக்கப் பிடிக்கல. நீயே ஒரு விலையைச் சொல்லி எடுத்துட்டுப் போ. இவன்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல" என்றார்.

எண்பதில் கிளட்சைக் கழி, டயரைக் கழி, பேட்டரியைக் கழி என்று வழியெல்லாம் போட்ட கணக்கு இப்போது அவள் தலைக்குள் எங்கேயும் இல்லை.

"தொண்ணூறும்மா. நீங்க சொன்னதுதான் நியாயம்."

"போடாத கிளட்சுக்கு எதுக்கும்மா காசு குடுக்கறே?"

"யார் போடல? போட்டாச்சும்மா. கிளட்ச் எங்க வீட்டு அடுக்களையில நின்னுக்கிட்டு, ரெண்டு வருஷமா எங்களுக்கு ஜில்லுன்னு தண்ணி குடுக்குது. டயர் பள்ளிக்கூடம் முடிச்சுட்டு காலேஜுக்குப் போகுது. பேட்டரி இதோ, என் மூக்கு மேல உக்காந்திருக்கு."

வக்கீலம்மாவுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வளையலைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். இறுகிப் போயிருந்ததால் கொஞ்சம் வலித்தது. "பேங்குல இருக்கறதை நாளைக்கு எடுத்துட்டு வந்துடறேன். மிச்சத்துக்கு இதை வித்துக் கட்டறேன். அதுவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். வண்டி என் பேருக்கு எழுதிடுங்க."

"உன்னை நம்பறேன்மா, வளையலை நீயே வச்சுக்க" என்றார் வக்கீலம்மா.

"நம்பாதீங்கம்மா. யாரையும் அப்படி நம்பாதீங்க" என்று சொல்லி, அதை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்காரர் ஓடிப்போய் முன் கதவைத் திறந்துவிட்டார். அவள் அதைப் பார்க்காத மாதிரி பின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். கார் கேட்டைத் தாண்டியது.

"வீட்டுக்குத்தானே?" என்று கேட்டார்.

"மெக்கானிக் கடைக்கு. கிளட்ச் மாத்தணும்."

"அதுக்கு ஏது பணம்? எல்லாத்தையும்தான் குடுத்துட்டியே."

"ஃபிரிட்ஜை விக்கறேன்."

தெரு முனை நெருங்கும்போது, அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்து, "உனக்குக் கண்ணு தெரியாம நீ தட்டுத்தடுமாறி நின்னதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலம்மா" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அவர் சொன்னது உண்மையா என்று யோசித்துப் பார்த்தாள். முன்பெல்லாம் யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை. அதற்குத்தான் அழுகை இன்னும் வந்தது.

தெரு பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு சின்ன மேடு. கார் பாதி ஏறி நின்றுவிட்டது. அவர் மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியது, கருகிய வாடை அடித்தது, வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, காருக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றினாள்.

அவர் தலையை வெளியே நீட்டினார். "நீ எதுக்கு இறங்கறே? நீ உக்காரு, நான் தள்றேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். "பின்னாடி பாக்காதீங்க. ரோட்டைப் பாத்து ஒழுங்கா ஓட்டுங்க. நான் தள்றேன்."